மாமனார் சாப்பிட வருகிறார்

உ
பினாங்கு
தாரண வருடம், ஆடி 10

கரங்கான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், மாப்பிள்ளை தர்மலிங்கம் அவர்களுக்கு மாமனார் பரஞ்சோதி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மருதம்மாளும் சின்னவள் ரமணியும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் என் மூத்த மகள் பிரேமாவதியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

வருடத்தை இப்படிப் போட்டிருக்கிறேனே என்று சிரிக்க வேண்டாம். இங்கே ஜப்பான்காரன் 2604 என்று போடச் சொல்கிறான். போன வருடம் உங்கள் கெடாவைத் தூக்கிச் சயாம்காரனிடம் கொடுத்தானே, அவன் உங்களுக்கு வேறொரு கணக்கு வைத்திருப்பான். தாரண என்று போட்டால் இரண்டு பேருக்கும் புரியாது, நமக்கும் வம்பில்லை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கருவாட்டு லோரியில் உங்கள் பக்கம் வருகிற ஜைனல் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுக்கவும்.

கல்யாணமாகி நான்கு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் ஒன்றைக் கேட்டு எழுதுகிறேன். கல்யாணத்துக்கு நான் தைத்துக் கொடுத்த கோட்டை நீங்கள் புழுக்கம் என்று சொல்லிப் போடாமல் விட்டதை நான் மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கப்பல் வராத துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு என்ன வேலை. வாசலில் மரவள்ளி நட்டு அதையே இரண்டு வேளையும் தின்கிறோம். பசி பழகிவிட்டது, அதற்காக எழுதவில்லை. போன வாரம் ரமணியின் தலைமுடியை நானே ஒட்டக் கத்தரித்துவிட்டேன். என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். தெருக்கோடி வீட்டில் அவள் வயதில் ஒரு பெண் இருந்தாள். இப்போது இல்லை. இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

எல்லை தாண்டி அங்கே வருவதென்றால் பாஸ் வேண்டுமாம். அங்கிருக்கிற உறவுக்காரர்தான் எழுதிக் கேட்க வேண்டுமாம். இரண்டு வாரம் தங்கக் கொடுக்கிறார்களாம். வந்து சேர்ந்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குப் புரியும்.

மகளுக்கு என் ஆசி.
பரஞ்சோதி


கரங்கான்
ஆடி 23

மரியாதைக்குரிய மாமாவுக்கு வணக்கம். இங்கே இருவரும் நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பிரேமாவதி இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். இரண்டாவது தரம் ரமணியின் முடி வந்த இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கவே வேண்டாம்.

மறுநாளே சைக்கிளில் பாஸ் கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களுக்கு இப்போது பாஸ் கிடையாதாம். அங்கே பியூன் பக்கிரிசாமி நம் ஆள். “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க லா டிரஸ்ஸரே, சாவா, சீக்கா? வேற எதுக்கும் இங்க முத்திரை விழாது” என்றார். பிரேமாவதிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்.

இங்கே பெண்டாங் பக்கத்திலிருந்து அரிசி வருகிறது. ஒரு வேளையாவது சோறு உண்டு. ரமணிக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கேட்டு வைத்திருக்கிறேன். மூன்று பேரும் வந்துவிடுங்கள்.

பணிவுடன்
தர்மலிங்கம்


பினாங்கு
ஆவணி 5

மாப்பிள்ளைக்கு. மூன்று பேரும் இருக்கிறோம். எண்ணெய் வந்தது. உங்கள் அத்தை அதைக் காலில் தேய்ப்பதா, தாளிப்பதா என்று அரை நாள் யோசித்துவிட்டுத் தாளித்துவிட்டாள். கால் அப்படியேதான் இருக்கிறது.

என் மகளுக்கு என்ன நோய் என்று எழுதப்போகிறீர்கள்? காசம், குஷ்டம் என்று ஏதாவது எழுதிவைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். வயிற்றுவலி என்று எழுதுங்கள். வயிற்றுவலியை எந்தச் சயாம்காரனும் திறந்து பார்க்க முடியாது.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து மனஸ்தாபம் வேண்டாம். பெண்ணுக்கு ஒரு பிள்ளை ஆகிறவரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். ஒரு பருக்கை தொட மாட்டேன். என் அப்பா என் அத்தை வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து சொந்த அவலைத் தின்றுவிட்டு வந்தவர். நான் ஒரு டின் மரவள்ளி மாவு கொண்டு வருவேன். மருதம்மாளும் ரமணியும் உங்கள் வீட்டில் சாப்பிடட்டும். யுத்த காலமாச்சே என்று அவர்களுக்கு மட்டும் நானே விலக்குக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளை இல்லாததைக் குத்திக் காட்டுகிறேன் என்று பிரேமாவதி நினைத்துக்கொள்ளப் போகிறாள். பக்குவமாகச் சொல்லவும்.

ஆசியுடன்
பரஞ்சோதி


கரங்கான்
ஆவணி 27

மாமாவுக்கு வணக்கம். இங்கே நலம், ஒரு பொய் வயிற்றுவலியைத் தவிர.

விண்ணப்பத்தைக் கொடுத்த நாலாம் நாள் ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து நோயாளியைக் காட்டு என்றார். பிரேமாவதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் படுத்தாள். முனகல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வந்தவர் பயந்துபோய் வாசலோடு திரும்பிவிட்டார். அவர் போன பிறகு வெகுநேரம் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிவிட்டது.

பெரிய அதிகாரியைப் பார்க்க நீங்கள் தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கூலி என்று நினைத்து வெளியே நிறுத்திவிடக் கூடாதே என்றுதான். உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார்கள்.

ஒரு ஜாமீன் கையெழுத்தும் கேட்டார்கள். வருகிறவர்கள் பாஸ் முடிகிற நாளில் எல்லை தாண்டித் திரும்பாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அது ஒரு சம்பிரதாயம்தான். போட்டுவிட்டேன்.

வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் இஷ்டம் மாமா. பிரேமாவதியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

பணிவுடன்
தர்மலிங்கம்


பினாங்கு
புரட்டாசி 4

மாப்பிள்ளைக்கு. உயிரோடு இருக்கிறோம். ரமணிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

கோட்டு நாற்காலி வாங்கிக் கொடுத்ததல்லவா? நான்கு வருடம் கழித்தாவது என் அருமை தெரிந்ததே. கையைக் கொஞ்சம் நீளமாக வைத்துத் தைக்கச் சொன்னவன் நான்தான்.

அது கிடக்கட்டும். கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்பார்கள்? சௌக்கியமா என்றா? முப்பது வருடம் துறைமுகத்தில் கிராணியாக இருந்தவன் நான். ஜாமீன் போட்டவன் தலையில் என்ன விழும் என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். தெளிவாக எழுதவும்.

உங்கள் ஆஸ்பத்திரியில் அழகேசன் என்று ஒரு வார்டு ஆள் உண்டே, கல்யாணத்தின்போது எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவன். அவனும் பேராவிலிருந்து மச்சானைப் பாஸில் வரவழைத்தான் என்று ஜைனல் பாய் சொன்னார். மச்சான் திரும்பிப் போனானா, போகாவிட்டால் அழகேசனை என்ன கேட்டார்கள் என்று அவனிடமே விசாரித்து எழுதவும். அது தெரியாமல் நான் மூட்டை கட்டமாட்டேன்.

பரஞ்சோதி


கரங்கான்
புரட்டாசி 17

மாமாவுக்கு வணக்கம். இங்கே நலம். ரமணிக்குக் காய்ச்சல் திரும்ப வந்தால் கொடுக்க மாத்திரை வைத்திருக்கிறேன். ஜைனல் பாயிடம் மறைத்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

பாஸ் வந்துவிட்டது. ஜைனல் பாயிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் பேரில் எழுதி, உடன் பெண்கள் இருவர் என்று போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுங்கள். எல்லைச் சாவடியில் கேட்டால் மகளுக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொல்லுங்கள். அதிகம் பேச வேண்டாம். நீங்கள் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பீர்கள் என்று உங்கள் மகள் கவலைப்படுகிறாள்.

அழகேசனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவன் இப்போது இங்கே இல்லை. வேலை மாறிப் போய்விட்டான். அதனால் விசாரிக்க முடியவில்லை.

ஜாமீனைப் பற்றி மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். டிரஸ்ஸர் இல்லாமல் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி நடக்காது. துரைமார் இருந்தபோதும் நடக்கவில்லை, இப்போதும் நடக்காது. மூட்டையைக் கட்டுங்கள். ரமணியை நினைத்துக் கட்டுங்கள்.

தர்மலிங்கம்


கரங்கான்
ஐப்பசி 15

திரு. பரஞ்சோதி அவர்களுக்கு. அத்தையும் ரமணியும் நலம். நீங்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்று அத்தை கேட்டு எழுதச் சொன்னார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தீபாவளியன்று தோட்டத்துக் கூலி லயத்து ஜனங்கள் எல்லாம் பார்க்க, வாசலில் உட்கார்ந்து உங்கள் மாவைக் கரைத்துக் குடித்தீர்கள். பொறுத்துக்கொண்டேன். என்னைத் தோட்டத்து மாப்பிள்ளை என்று என் காதுபடச் சொன்னீர்கள். அதையும் பொறுத்தேன். பாஸ் முடிவதற்கு முதல் நாள் பிரேமாவதி ஆசையாக ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள். நீங்கள் அந்தத் தட்டைக் கவிழ்த்தீர்கள். கவிழ்த்துவிட்டு, “புள்ள இல்லாத வீட்டுச் சோத்த எவன் திம்பான்” என்றீர்கள். இந்தக் காலத்தில், சோற்றை.

அவள் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி எடுத்துத் தட்டைக் கழுவி வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் உங்களைச் சும்மா போக விட்டிருப்பேனோ என்னவோ. வாசலைக் காட்டிப் போங்கள் என்று சொன்னது நான்தான். அதற்காக வருத்தப்படவில்லை.

ரமணியையும் அத்தையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் என் வீட்டு மனிதர்கள்.

தர்மலிங்கம்


பினாங்கு
கார்த்திகை 2

மாப்பிள்ளைக்கு. வந்து சேர்ந்தேன் என்று மருதம்மாளிடம் சொல்லவும்.

என் வழக்கம் என்னோடு. மகள் வீட்டில் குந்தித் தின்கிறவன் என்று பெயர் எடுக்க நான் பிறக்கவில்லை. எனக்கு என் வீடு இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது. நீங்கள் வாசலைக் காட்டினீர்கள், நான் வந்துவிட்டேன். கணக்குத் தீர்ந்தது.

பெண்கள் இருவரும் அங்கேயே இருக்கட்டும். நாள் முடிந்துவிட்டது என்று பயந்து அனுப்பிவிட வேண்டாம். ரமணியின் முடி வளர்ந்திருக்கும்.

ராத்திரியில் நீங்கள் இருமுவதைக் கேட்டேன். டிரஸ்ஸருக்கு மருந்து கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது.

பரஞ்சோதி


கரங்கான்
மார்கழி 20

மாமாவுக்கு வணக்கம். இங்கே நால்வரும் நலம். இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபத்தில் எழுதவில்லை. பிறகு, இருப்பேனோ மாட்டேனோ என்று தெரியாமல் எழுதவில்லை.

மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அழகேசன் வேலை மாறிப் போகவில்லை. மச்சான் திரும்பிப் போகாததால் ஜாமீன் போட்ட அவனைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போனவர் யாரும் இதுவரை திரும்பவில்லை. அவனும் ஆஸ்பத்திரி ஆளை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தான். உங்களிடம் சொன்னால் நீங்கள் வர மாட்டீர்கள். நீங்கள் வராவிட்டால் ரமணி வர மாட்டாள். அதனால் சொல்லவில்லை. பிரேமாவதிக்கும் தெரியாது.

நீங்கள் கோபித்துக்கொண்டு போனாலும் பெண்கள் இருவர் இங்கே இருக்கிறார்களே. எப்போது வருவார்களோ என்று ஒரு பையில் இரண்டு வேட்டியும் கொஞ்சம் கொயினா மாத்திரையும் எடுத்து வைத்திருந்தேன். லோரிச் சத்தம் கேட்டால் பையைக் கையில் எடுத்துக்கொள்வேன். யாரும் வரவில்லை. இருக்க முடியாமல் முந்தாநாள் நானே ஆபீசுக்குப் போனேன். பக்கிரிசாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஒங்க ஜாமீன் அப்பவே முடிஞ்சு போச்சு லா. பாஸ்காரர் சொன்ன நாளுல திரும்பிட்டாருன்னு சாவடியில முத்திரை விழுந்திருக்கு. நீங்க எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க?” என்றார்.

திரும்பி வருகிற வழியில் அழகேசனின் பெண்டாட்டியைப் பார்த்தேன். “பெரியவரு நல்லா இருக்காரா? வந்த மறுநாளே எங்க லயத்துல வந்து குந்திக்கிட்டு எல்லாத்தையும் தோண்டித் தோண்டிக் கேட்டாரே” என்றாள்.

மாமா, வந்த மறுநாளே தெரிந்துவிட்டதா? அப்படியென்றால் அந்தத் தட்டு? எனக்கு எழுதுங்கள்.

தர்மலிங்கம்


பினாங்கு
தை 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. நான் இருக்கிறேன். துறைமுகத்துப் பக்கம் விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போகின்றன. என் மரவள்ளிக்கு இதுவரை சேதமில்லை.

நீங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தேன். வேலை மாறிப் போய்விட்டான் என்று எழுதினால் நம்பிவிடுவேனா? பாதி இங்கேயே தெரியும், மீதியை அழகேசனின் பெண்டாட்டி சொன்னாள். பாஸ் ஆம்பிளை பேரில்தான். “பொம்பளைங்கள அங்க எவனும் எண்ண மாட்டான்ண்ணே, பாஸ்காரன் மூஞ்சியத்தான் பாப்பான்” என்று ஜைனல் பாய் முன்பே சொல்லியிருந்தார். நான் ஒருவன் திரும்பினால் போதும். உங்கள் கையெழுத்துக்குச் சேதமில்லை.

போகிறேன் என்று சொன்னால் விடுவீர்களா? காலைப் பிடித்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று ஆரம்பித்திருப்பீர்கள். மருதம்மாள் கூடவே கிளம்பியிருப்பாள். நீங்களே என்னைத் துரத்த வேண்டும், அதற்கு உங்களுக்குக் கோபம் வர வேண்டும். உங்களை எவ்வளவு சொல்லிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றீர்கள். அவளை ஒரு வார்த்தை சொன்னால் தாங்க மாட்டீர்கள் என்று அந்தச் சில நாளில் தெரிந்துகொண்டேன். அதனால் அவளைச் சொன்னேன். பெற்ற மகளைச் சொன்னேன். சொன்னது முதல் இந்த வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லை.

இன்னொன்று. வழக்கம் வழக்கம் என்று குதித்தேனே, அது போன இடம் தெரியவில்லை. வந்த மூன்றாம் நாள் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். வாசம் என்னை இழுத்துவிட்டது மாப்பிள்ளை. இரண்டு வருடம் கழித்துச் சோற்று வாசம். பிரேமாவதி ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அன்று முதல் தினமும் நீங்கள் அந்தப் பக்கம் போனால் நான் இந்தப் பக்கம் தின்றேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வாசலில் மாவு கரைத்துக் குடித்ததெல்லாம் வேஷம். கடைசி நாள் கவிழ்த்த தட்டும் தினமும் நான் தின்ற அதே தட்டுதான்.

ஆகக் கை நனைத்தாயிற்று. உங்கள் சோற்றைத் தின்றுவிட்டு உங்களை ரயிலுக்கு அனுப்புவேனா?

மகளிடம் இதைப் படித்துக் காட்டவும். மன்னிப்பு என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அவளுக்குத் தெரியும்.

உங்கள் மாமா
பரஞ்சோதி


கரங்கான்
மாசி 14

அன்புள்ள மாமாவுக்கு. இங்கே நால்வரும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பிரேமாவதிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அழுதாள். அப்புறம், “தின்ன ஒவ்வொரு நாளும் உப்பு பத்தலன்னு ஏசினாரு, அத மட்டும் எழுதல பாருங்க” என்றாள். அன்று நீங்கள் போட்ட சத்தத்தில், தினமும் சாப்பிட்டவர் இப்படிச் சொல்லிவிட்டாரே என்றுதான் அவளுக்கு ஆறவில்லையாம். என்னிடம் சொல்லவும் முடியாமல், மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். இப்போது சரியாகிவிட்டது. ரமணிக்கு முடி காதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரையும் அதட்டுகிறாள், உங்கள் குரலில்.

தை மாதக் கடைசியில் பெரிதாகப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தெருத் தெருவாக எரிந்தது என்கிறார்கள். எந்தத் தெரு என்று சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஜைனல் பாயின் லோரியும் வரவில்லை. இந்தக் கடிதத்தைச் செர்டாங் பக்கம் போகிற ஒரு வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கை மாறிக் கை மாறி வரும். அத்தை யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. காலையில் குங்குமம் வைக்கும்போது மட்டும் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நிற்கிறார்.

மறுபடியும் பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஜாமீன் கையெழுத்தும் போட்டேன், அதைப் பற்றி நீங்கள் ஏசலாம். என்ன காரணம், சாவா, சீக்கா என்று பக்கிரிசாமி கேட்டார். சாவு என்ற சொல்லை எழுத என்னால் முடியவில்லை, சீக்கு என்று பொய் சொல்லவும் பிடிக்கவில்லை. மாமனார் சாப்பிட வருகிறார் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அவரே ஏதோ எழுதி உள்ளே கொண்டுபோனார்.

உங்கள் தட்டைத் தனியாகக் கழுவி வைத்திருக்கிறாள். வேறு யாருக்கும் அதில் போடுவதில்லை. உப்பும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

மாமா, இதற்கு ஒரு பதில் போடுங்கள். தோட்டத்து மாப்பிள்ளை என்று திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.

தர்மலிங்கம்